ஜூனியர் டென்னிஸிலிருந்து தொழில்முறைப் போட்டிக்கு: பெங்களூர்த் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் பிள்ளை ஓரிரு கோப்பை வாங்கியதும் பெற்றோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த அகாடமிக்கு மாற்றலாம் சார்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன. அல்சூர், ஜீவன்பீமா நகர், ஃபிரேசர் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அழைத்துப் போவது என் வேலை. ஆட்டம் போதாமல் நின்றுவிட்ட பிள்ளைகளைவிட, எதை எப்போது செய்வது என்ற வரிசை குழம்பிப்போய் ஓராண்டு, ஈராண்டை இழந்த பிள்ளைகளையே நான் அதிகம் பார்க்கிறேன்.

அந்த வரிசையில் பெரும்பாலோர் தவறவிடுவது ஒரே ஒரு படி. ஜூனியர் போட்டிகளுக்கும் சர்வதேசத் தொழில்முறைப் போட்டிகளுக்கும் நடுவில், நம் நாட்டிலேயே நடக்கும் பெரியவர்களுக்கான ரொக்கப் பரிசுப் போட்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஆடாமல் நேராக வெளிநாட்டு விமானம் ஏறும் பிள்ளைக்கு வாசல் திறப்பதில்லை. ஏன் என்று 6ஆம் பகுதியில் விளக்கியிருக்கிறேன். தயவுசெய்து அதற்கு முந்தைய பகுதிகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. முதலில் கோப்பு

பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், பான் அட்டை, அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் பதிவு எண். இந்த நான்கும் பன்னிரண்டு வயதுக்குள் கையில் இருக்க வேண்டும். டென்னிஸ் வட்டாரத்தில் அந்தச் சங்கத்தை 'ஐட்டா' என்றுதான் சொல்வார்கள். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் இங்கேதான் சிக்கல் வருகிறது. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. பிறப்புச் சான்றிதழில் 'கே. நந்தினி', பள்ளியில் 'நந்தினி கே', பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து கடைசிப் பெயராக நிற்கும். ஐட்டா பதிவில் ஒரு வடிவமும் சர்வதேசப் பதிவில் வேறு வடிவமும் இருந்தால், உள்நாட்டுத் தரவரிசையை வைத்து வெளிப் போட்டியில் இடம் கேட்கும்போது இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கக் கடிதம் மேல் கடிதம் எழுத வேண்டிவரும். பாஸ்போர்ட்டில் உள்ள வடிவத்தையே எல்லா இடத்திலும் கொடுங்கள்.

பாஸ்போர்ட்டின் ஆயுளையும் கவனியுங்கள். சிறுவர்களுக்கு அது 5 ஆண்டு அல்லது 18 வயது, எது முந்தியோ அதுவரைக்கும்தான். 15 வயது நிறைந்தபின் விண்ணப்பித்தால் 10 ஆண்டுப் பாஸ்போர்ட் கேட்கலாம். பல நாடுகள் பயணத் தேதிக்குப் பிறகும் 6 மாதச் செல்லுபடியை எதிர்பார்ப்பதால், காலாவதிக்கு ஓராண்டு முன்னதாகவே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐ.டி.எஃப். தரும் 'ஐபின்' எண். சர்வதேசப் போட்டிக்குப் பெயர் கொடுக்க இது கட்டாயம். ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 13ஆவது பிறந்தநாளுக்கு முன் ஐ.டி.எஃப். ஜூனியர் போட்டியில் ஆட முடியாது என்பதால் அதற்கு முன் அவசரமில்லை.

2. உள்நாட்டு ஜூனியர் போட்டிகள்: ஏணியைக் கீழிருந்து ஏறுங்கள்

ஐட்டாவின் ஜூனியர் போட்டிகள் 12, 14, 16, 18 வயதுக்குட்பட்டோர் என நான்கு பிரிவுகளாக நடக்கின்றன. அடியில் டேலண்ட் சீரிஸ், அதற்கு மேல் சாம்பியன்ஷிப் சீரிஸ், சூப்பர் சீரிஸ், நேஷனல் சீரிஸ், உச்சியில் தேசியப் போட்டி. படி ஏற ஏறப் புள்ளி கூடும், இடமும் அரிதாகும்.

புதியவர்கள் செய்யும் பிழை இரண்டு வகை. சிலர் கீழ்ப்படியிலேயே தங்கிவிடுவார்கள். கர்நாடகத்துக்குள், தெரிந்த முகங்களோடு வாராவாரம் ஆடி வென்று, கோப்பைகளை அலமாரியில் அடுக்குவார்கள். வேறு சிலர் 13 வயதுப் பிள்ளையை 18 வயதுப் பிரிவில் இறக்கி, "அனுபவம் கிடைக்கட்டும்" என்பார்கள். முதல் சுற்றிலேயே தோற்றுத் தோற்று வீடு திரும்பும் பிள்ளைக்கு எந்த அனுபவமும் கிடைப்பதில்லை. நெருக்கடியான புள்ளியில் என்ன செய்வது என்று கற்க, நெருக்கடி வரும் அளவுக்கு ஆட்டம் நீள வேண்டும்.

நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் பயிற்சியாளர்கள் பலரும் சொல்வதுதான்: ஆடும் ஆட்டங்களில் மூன்றுக்கு இரண்டு வெற்றி. அதைவிட அதிகமாக வென்றுகொண்டிருந்தால் ஒரு படி மேலே போங்கள். பாதிகூட வெல்லவில்லை என்றால் ஒரு படி இறங்குங்கள். இறங்குவதில் அவமானம் எதுவும் இல்லை.

இரட்டையரை விட்டுவிடாதீர்கள். ஒற்றையரில் தோற்றதும் மாலை ரயிலைப் பிடிக்கும் குடும்பங்கள் ஏராளம். சர்வை எதிர்கொள்வதற்கும் வலைக்கு அருகே ஆடுவதற்கும் இரட்டையரைவிட நல்ல பள்ளி கிடையாது. சர்வதேச ஜூனியர் தரவரிசையில் அதற்கும் கணக்கு உண்டு.

3. செவ்வாய்க்கிழமை மாலை 7.30

பெயர் கொடுக்கும் கடைசி நேரத்தைத் தவறவிட்டவருக்கு மன்னிப்பு கிடையாது. ஐ.டி.எஃப். ஜூனியர் போட்டிகளுக்கு, போட்டி வாரத்துத் திங்கட்கிழமைக்கு 27 நாள் முந்திய செவ்வாய் கடைசி நாள். விலகுவதற்கான கடைசி நாள் 13 நாள் முந்திய செவ்வாய். பெரியவர்களுக்கான ஐ.டி.எஃப். போட்டிகளில் பெயர் கொடுக்க 18 நாள் முந்திய வியாழன், விலக 13 நாள் முந்திய செவ்வாய். எல்லாமே கிரீன்விச் நேரம் பிற்பகல் 2 மணி. நமக்கு மாலை 7.30. விதிப்புத்தகம் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால், ஒவ்வொரு ஜனவரியிலும் இந்த நாட்களைச் சரிபாருங்கள்.

விலகும் நாள்தான் அதிகம் பேரைச் சிக்க வைக்கிறது. ஒரே வாரத்தில் பல போட்டிகளுக்கு முன்னுரிமை வரிசையில் பெயர் கொடுக்கலாம். இடம் கிடைத்த பிறகு, காய்ச்சல் என்றோ பள்ளித் தேர்வு என்றோ போகாமல் இருந்துவிட்டால் அது தாமத விலகல் அல்லது வராமை. ஐ.டி.எஃப். ஜூனியரில் இதற்குத் தண்டனைப் புள்ளிகள் சேரும். அளவு மீறினால் தடை. ஐட்டாவிலும் தண்டனை உண்டு. பெயர் கொடுத்த அன்றே விலகும் தேதியையும் காலண்டரில் எழுதிவிடுங்கள்.

போட்டித் தகவல் தாளை முழுதாகப் படியுங்கள். எந்த மைதானம், எந்தத் தரை, எந்த நிறுவனத்தின் பந்து, தகுதிச் சுற்றுக்கு நேரில் கையெழுத்திட வேண்டிய நேரம் எல்லாம் அதில்தான் இருக்கும். ஐட்டா ஜூனியர் போட்டிகளில் பொதுவாகச் சனி, ஞாயிறில் தகுதிச் சுற்று, திங்களில் பிரதான சுற்று. கையெழுத்து அதற்கு முந்தின நாளே முடிந்துவிடும். சனிக்கிழமை காலை போய் இறங்கினால் ஆட்டத்தை வேடிக்கைதான் பார்க்கலாம்.

4. பெங்களூரின் உயரத்தைக் கணக்கில் எடுங்கள்

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு. பந்து வேகமாகப் பறக்கும். இங்கேயே வளர்ந்த பிள்ளையின் சர்வ் உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். அதே பிள்ளை ஏப்ரலில் சென்னை நுங்கம்பாக்கம் மைதானத்தில் இறங்கும்போது, இங்கே நேராக வெற்றிப் புள்ளியாகும் அடி அங்கே திரும்பி வரும். இரண்டாவது செட்டில் பந்து பஞ்சு பிடித்து இன்னும் கனக்கும். கைப்பிடி வியர்வையில் வழுக்கும்.

இதற்குச் செய்ய வேண்டியவை எளியவை. கடலோர ஊர்ப் போட்டி என்றால் ராக்கெட்டின் ஸ்டிரிங் இறுக்கத்தை ஒன்று அல்லது இரண்டு பவுண்டு குறைத்துக் கட்டுங்கள். பந்துக்கு ஆழம் கிடைக்கும். இரண்டு ராக்கெட்டை ஒரு இறுக்கத்திலும் மூன்றாவதை வேறு இறுக்கத்திலும் கொண்டுபோனால் அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாற்றுச் சட்டை, துண்டு, கைப்பிடிச் சுற்று கூடுதலாக. முடிந்தால் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேருங்கள். முதல் நாள் மூச்சு வாங்கும். இரண்டாம் நாள் கால்கள் தேறும்.

இன்னொன்றும் இருக்கிறது. உயரம் குறைந்த ஊரில் புள்ளிகள் நீளும். 'இரண்டு அடியில் முடித்துவிடலாம்' என்று பழகிய பிள்ளைக்குப் பொறுமை பயிற்சியிலேயே வர வேண்டும். இரு பக்கமும் இருபது பந்து தவறாமல் போடும் பயிற்சியைச் சலிப்பென்று தள்ளிவிடாதீர்கள்.

5. ஐ.டி.எஃப். ஜூனியர்: புள்ளிக்காக ஊர் சுற்றாதீர்கள்

13ஆவது பிறந்தநாளில் தொடங்கி, 18 வயது நிறையும் ஆண்டின் டிசம்பர் வரை இந்தச் சுற்றில் ஆடலாம். ஜே30, ஜே60, ஜே100, ஜே200, ஜே300, ஜே500, அதற்கு மேல் ஜூனியர் கிராண்ட்ஸ்லாம். எண் என்பது ஒற்றையரில் வெல்பவருக்குக் கிடைக்கும் புள்ளி. தரவரிசைக்கு 52 வாரத்தில் எடுத்த சிறந்த 6 ஒற்றையர் முடிவுகளும், சிறந்த 6 இரட்டையர் முடிவுகளின் கால் பங்கும் சேரும்.

'சிறந்த 6' என்பதைப் புரிந்துகொண்டால் பணம் மிச்சமாகும். முப்பது போட்டி ஆடினாலும் கணக்கில் வருவது ஆறு. ஆகவே சிறிய போட்டிகளில் இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்றுப் புள்ளிகளைக் குவித்துப் பயனில்லை. இந்தியாவில் நடக்கும் ஜே30, ஜே60 போட்டிகளில் தொடங்கி, காலிறுதி, அரையிறுதி வழக்கமான பிறகு ஜே100க்குப் போங்கள். பலவீனமான ஆட்டக்காரர்கள் வருவார்கள் என்று எங்கோ தொலைவில் நடக்கும் ஜே30ஐத் தேடிப் போவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தரவரிசை எண் ஏறும்; ஆட்டம் அங்கேயே நிற்கும். அடுத்த ஆண்டு புள்ளி உதிரும்போது இரண்டும் கையில் இருக்காது.

ஜூனியரிலும் தொழில்முறையின் தகுதிச் சுற்றிலும் கோடு பார்க்க நடுவர் இருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தன் பக்கத்துக் கோட்டுக்குத் தானே 'அவுட்' சொல்ல வேண்டும். சந்தேகமிருந்தால் பந்து உள்ளேதான். எதிராளி பொய் சொல்கிறார் என்று தோன்றினால் ஆட்டத்தை நிறுத்தி, சுற்றிவரும் நடுவரைக் கூப்பிடலாம். மண் தரையில் பந்தின் தடத்தைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். நம் பிள்ளைகளில் பலர் கூப்பிடத் தயங்கி, உள்ளுக்குள் புகைந்து, அடுத்த நான்கு கேமை விட்டுவிடுகிறார்கள். கப்பன் பூங்கா கர்நாடக டென்னிஸ் சங்க மைதானத்தில் நடந்த ஒரு ஜூனியர் போட்டியில் ஒரு பெண் 5-4 என்று முன்னிலையில் இருந்தபோது, அவள் அடித்துக் கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்த பந்தை எதிராளி 'அவுட்' என்றாள். நம் பெண் ராக்கெட்டைக் கையிடுக்கில் வைத்து, வலை அருகே வந்து, "நடுவர் வரட்டும் அக்கா" என்று மட்டும் சொல்லி நின்றாள். நடுவர் வந்து நின்ற பிறகு அந்த கேமில் ஒரு தகராறும் இல்லை. அந்தப் புள்ளி திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் செட் கிடைத்தது. இதைப் பயிற்சி ஆட்டங்களில் ஒத்திகை பாருங்கள். எந்தச் சொல்லைச் சொல்வது, எங்கே நிற்பது என்பது வரைக்கும்.

6. நடுப்படி: உள்நாட்டுப் பெரியவர்கள் போட்டி

தொழில்முறையின் அடிப்படி ஆண்களுக்கு எம்15, எம்25. பெண்களுக்கு டபிள்யூ15, டபிள்யூ35. அங்கே தகுதிச் சுற்றில் இடம் பெற ஏ.டி.பி. (ஆண்கள் தொழில்முறைச் சங்கம்) அல்லது டபிள்யூ.டி.ஏ. (பெண்கள் தொழில்முறைச் சங்கம்) தரவரிசை, அது இல்லையேல் ஐ.டி.எஃப். தரவரிசை, அதுவும் இல்லையேல் தேசியத் தரவரிசை பார்க்கப்படும். முதல் இரண்டும் இல்லாத 16 வயதுப் பிள்ளைக்குக் கையில் இருக்கக்கூடியது மூன்றாவது ஒன்றுதான். அது ஆண்கள் அல்லது பெண்கள் பிரிவின் தேசியத் தரவரிசை. 18 வயதுக்குட்பட்டோர் பிரிவில் முதலிடம் இருந்தாலும் அதற்கு இங்கே வேலை இல்லை.

அதனால் 15 வயது முதலே ஐட்டாவின் ஆண்கள், பெண்கள் ரொக்கப் பரிசுப் போட்டிகளில் ஆண்டுக்குச் சில வாரங்கள் ஆட வையுங்கள். வாசல் திறப்பது ஒரு பலன். அங்கே வரும் எதிராளிகள் இன்னொரு பலன். ஜூனியரில் எல்லோரும் வேகமாக அடிப்பார்கள். இங்கே 28 வயது ஆள் ஒருவர் வேகமே இல்லாமல் தாழ்வாக ஸ்லைஸ் போட்டு, உயரத் தூக்கிப் போட்டு, மூன்றாவது செட்டில் பிள்ளையின் காலை ஓயவைத்துவிடுவார். ஜூனியர் சாம்பியன்கள் இப்படிப்பட்டவரிடம் தோற்று அழுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் அந்தப் பாடம் வேறெங்கும் இத்தனை மலிவாகக் கிடைக்காது. ரயில் டிக்கெட்டும் மூன்று நாள் அறை வாடகையும்தான் செலவு.

ஜூனியர் தரவரிசை நன்றாக இருந்தால் இன்னொரு வாசலும் உண்டு. உலக ஜூனியர் முதல் 100க்குள் இருப்போருக்கு எம்15, டபிள்யூ15 எனப்படும் 15 ஆயிரம் டாலர் போட்டிகளின் பிரதான சுற்றில் ஒதுக்கீட்டு இடங்கள் இருக்கின்றன. ஆண்டு முடிவில் முதல் 20க்குள் வந்தால் அதைவிடப் பெரிய போட்டிகளிலும் வாய்ப்பு. போட்டி நடத்துவோர் தம் விருப்பப்படி தரும் இடமான வைல்டு கார்டு மூன்றாவது வழி. அது கேட்டுப் பெறுவது, ஆகவே அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

14ஆவது பிறந்தநாளுக்கு முன் தொழில்முறைப் போட்டி கிடையாது. பெண் பிள்ளைகளுக்கு 18 வயது வரை ஆண்டுக்கு இத்தனை போட்டிதான் என்ற வரம்பும் உண்டு. அந்த எண்ணிக்கையை வீணாக்காமல், வெல்ல வாய்ப்புள்ள வாரங்களுக்கு வையுங்கள். கோயம்புத்தூரின் மாயா ராஜேஸ்வரன் ரேவதி 2025 பிப்ரவரியில் மும்பை டபிள்யூ.டி.ஏ. 125 போட்டியில் தகுதிச் சுற்றில் தொடங்கி அரையிறுதி வரை போனபோது வயது 15. அந்த வாரம் அவருக்குச் சொந்த நாட்டில், பழகிய வெயிலில் அமைந்தது. உங்கள் பிள்ளைக்கும் முதல் வாய்ப்புகளை இந்தியாவில் நடக்கும் போட்டிகளிலேயே தேடுங்கள்.

7. முதல் தொழில்முறை வாரம்

பெயர் கொடுப்பதற்கு முன் ஆட்ட நேர்மை பற்றிய இணையவழிப் பயிற்சி ஒன்றை முடித்திருக்க வேண்டும். சூதாட்டத் தரகர்கள் எப்படி அணுகுவார்கள், அணுகினால் யாரிடம் சொல்வது என்பதெல்லாம் அதில் வரும். பிள்ளைக்குப் பதிலாக அப்பா உட்கார்ந்து 'அடுத்து, அடுத்து' என்று அழுத்தி முடித்துவிடாதீர்கள். சமூக வலைத்தளத்தில் முன்பின் தெரியாத ஒருவர் "நாளைக்கு உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் பதில் சொல்லக்கூடாது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மைதானத்துக்குப் போனதும் முதல் வேலை நடுவர் அலுவலகம். கையெழுத்து நேரம், பயிற்சிக் கோர்ட் பதிவு, ஸ்டிரிங் கட்டும் இடம், பிசியோதெரபிஸ்ட் இருக்கும் நேரம் ஆகிய நான்கையும் பிள்ளையே போய்க் கேட்கட்டும். ஜூனியரில் பெற்றோரோ பயிற்சியாளரோ செய்துகொடுத்த எல்லாவற்றையும் இங்கே ஆட்டக்காரரே செய்கிறார். பயிற்சிக்கு ஜோடி தேடுவதும் அப்படித்தான். தெரியாத ஒருவரிடம் போய், "நாளை எட்டு மணிக்கு அரை மணி நேரம் ஆடலாமா?" என்று கேட்கக் கூச்சப்படும் பிள்ளை, பயிற்சியே இல்லாமல் கோர்ட்டில் இறங்கும். உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் பேசச் சொல்லிப் பழக்குங்கள். இங்கே அது கைகொடுக்கும்.

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றால் உடனே பையைக் கட்டாதீர்கள். பிரதான சுற்றில் யாராவது விலகினால் தோற்றவர்களில் ஒருவருக்கு இடம் கிடைக்கும். ஆனால் அதற்கென்று கையெழுத்திட்டு, அழைத்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். காலை முதல் ஆட்டத்துக்கு உடம்பைச் சூடேற்றிக்கொண்டு தயாராக நிற்பவருக்குத்தான் அந்த இடம்.

உணவுக்கு முன்னேற்பாடு செய்யுங்கள். எத்தனை மணிக்கு ஆட்டம் என்று தெரியாத நாள்தான் அதிகம். 'மூன்றாவது ஆட்டம்' என்று மட்டும்தான் அட்டவணை சொல்லும். அது பதினொன்றாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். வயிறு நிறையச் சாப்பிட்டு இறங்குவதும் பட்டினியாக இறங்குவதும் ஒரே பிழை. இட்லி, வாழைப்பழம், உப்பும் சர்க்கரையும் சேர்த்த நீர் ஆகியவற்றைச் சிறு சிறு அளவாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்துவாருங்கள்.

8. பணக்கணக்கு

கணக்கைத் திறந்து பேசுவோம். ஆண்களுக்கான 15 ஆயிரம் டாலர் போட்டியில் ஒற்றையர் பட்டம் வென்றவருக்கு 2,160 டாலர். பிரதான சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கு 156 டாலர், அதிலும் வரி பிடிப்பார்கள். தகுதிச் சுற்றில் தோற்றவருக்கு அதுவும் இல்லை. இந்தப் படியில் பரிசுப் பணம் செலவை ஈடுகட்டாது. மூன்று ஆண்டுக்கு வருமானமே வராது என்று வைத்துத் திட்டமிடுங்கள். வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். 'நமக்காக வீடு போகிறது' என்று தெரிந்த பிள்ளையின் கை 5-5இல் நடுங்கும்.

செலவைக் குறைக்கும் வழிகள் உண்டு. துருக்கியின் அன்டாலியா, துனிசியாவின் மொனாஸ்டிர், எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் போன்ற இடங்களில் இந்தப் படிப் போட்டிகள் வாரம் தவறாமல் தொடர்ந்து நடக்கும். ஒரே விமானச் செலவில் மூன்று வாரம் ஆடலாம். தங்குமிட விதிகளைத் தகவல் தாளில் பார்த்துவிடுங்கள். குறிப்பிட்ட விடுதியில்தான் தங்க வேண்டும் என்று இருக்கலாம். பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளரை மூன்று குடும்பங்கள் பகிர்ந்து அனுப்புவது இன்னொரு வழி. யார் ஆட்டத்தை எப்போது பார்ப்பார், இருவர் ஒரே நேரத்தில் ஆடினால் என்ன செய்வது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதில்தான் நல்ல நட்புகள் முறிகின்றன.

வரி பற்றி ஒரு வரி. சிறுவர்களின் பிற வருமானம் பெற்றோரின் கணக்கில் சேர்க்கப்படும். ஆனால் தன் திறமையால் ஈட்டியது பிள்ளையின் சொந்த வருமானம். பான் அட்டை முதல் பகுதியிலேயே வந்தது அதற்காகவும்தான்.

9. உடம்பும் மருந்தும்

ஒரே ஆண்டில் சில அங்குலம் வளரும் காலத்தில் சர்வ் எண்ணிக்கையைக் குறையுங்கள். முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதும், கீழ் முதுகில் எலும்பில் விரிசல் விழுவதும் இந்த வயதில் டென்னிஸ் பிள்ளைகளுக்கு வரும் காயங்கள். சர்வுக்காக முதுகை வளைக்கும்போது வரும் வலி இரண்டு வாரம் நீடித்தால், தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் விளையாட்டு மருத்துவரிடம் போங்கள். சரியான நேரத்தில் ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும். மறைத்து ஆடினால் ஓராண்டு போகும்.

ஊக்கமருந்து விதிகள் ஜூனியர்களுக்கும் பொருந்தும். நம் வீட்டு மருந்து அலமாரியே இதில் ஆபத்து. மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சில இருமல் சிரப்புகளில் டெர்பியூட்டலின் இருக்கிறது; அது எப்போதும் தடைசெய்யப்பட்டது. சளி மாத்திரைகளில் வரும் சூடோஎபெட்ரினுக்குப் போட்டிக் காலத்தில் அளவு உண்டு. புட்டியின் பின்பக்கம் படிக்காமல் எதையும் கொடுக்காதீர்கள். உள்ளடக்கம் எழுதாத லேகியமும் புரதப் பொடியும் வேண்டவே வேண்டாம். ஆஸ்துமா போன்ற நோய்க்கு மருந்து அவசியமென்றால், அது தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் முன்கூட்டியே விலக்கு அனுமதி பெற வேண்டும். "பாட்டி கொடுத்தார்" என்பது விசாரணையில் நிற்காது.

10. படிப்பு, பதினேழு வயதின் முடிவு

பத்தாம் வகுப்புவரை பள்ளியோடு ஒத்துப்போக முடிந்தால் ஒத்துப்போங்கள். முடியாதபோது தேசியத் திறந்தவெளிப் பள்ளி இருக்கிறது. ஆண்டுக்கு இரு முறை பொதுத்தேர்வு, 5 ஆண்டுக்குள் 9 வாய்ப்பு. பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். சேர்வதற்கு முன், பிள்ளை பின்னால் விண்ணப்பிக்கக்கூடிய கல்லூரிகளின் பாடத் தேவையைப் பார்த்துப் பாடங்களைத் தேர்ந்தெடுங்கள்.

17 வயதில் வரும் முடிவு: நேராகச் சுற்றுப்போட்டிக்கா, அமெரிக்கக் கல்லூரிக்கா? என் கருத்தை மறைக்க மாட்டேன். அதற்குள் ஏ.டி.பி., டபிள்யூ.டி.ஏ. தரவரிசையில் நல்ல இடத்தைப் பிடிக்காத பிள்ளைக்குக் கல்லூரி நல்ல வழி. சென்னையில் பயிற்சி பெற்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008ஆம் ஆண்டுகளில் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்ற பிறகே முழுநேரத் தொழில்முறைக்கு வந்தார். மதுரையின் தட்சிணேஸ்வர் சுரேஷும் அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் வழியாக வந்தவரே. ஆனால் கல்லூரி விளையாட்டில் பரிசுப் பணத்துக்கு விதிகள் உண்டு, அவை மாறிக்கொண்டும் இருக்கின்றன. முதல் டாலர் கைக்கு வந்த நாளிலிருந்து வரவையும் போட்டிச் செலவையும் ரசீதோடு எழுதி வையுங்கள். பின்னால் கேட்கும்போது காட்ட அதுதான் இருக்கும்.

அவசரப்படுவோருக்கு இரண்டு உண்மைகள். யூகி பாம்ப்ரி 2009இல் ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் பட்டம் வென்றார். ஏ.டி.பி. தரவரிசையில் முதல் 100க்குள் நுழைந்தது 2015இல். சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2018இல் பெங்களூர் சேலஞ்சர் (எம்15, எம்25க்கு மேற்பட்ட படி) பட்டம் வென்று, 2019இல் முதல் 100க்குள் வந்தபோது வயது 29.

11. முதல் புள்ளி வந்த பிறகு

எம்15 பிரதான சுற்றில் ஒரு ஆட்டம் வென்றாலே ஒரு ஏ.டி.பி. புள்ளி, பெயர் தரவரிசையில் வந்துவிடும். பெண்களுக்கு மூன்று போட்டிகளிலாவது புள்ளி எடுக்க வேண்டும், அல்லது மொத்தம் 10 புள்ளி வேண்டும், அதன்பிறகே டபிள்யூ.டி.ஏ. பட்டியலில் பெயர் வரும். இந்த வேறுபாடு தெரியாமல், முதல் புள்ளி வந்தும் பெயரைக் காணோமே என்று பதறும் பெற்றோர் உண்டு.

எடுத்த புள்ளி 52 வாரத்தில் உதிரும். ஆகவே அந்த வாரத்தை அடுத்த ஆண்டுக் காலண்டரில் இப்போதே வட்டமிடுங்கள். அதே காலத்தில் பள்ளித் தேர்வோ ஓய்வோ விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் தொடர்ந்து ஆடினால் ஒரு வாரம் வீட்டில் இருங்கள். அந்த வாரத்தில் ஆட்டக் குறிப்பேட்டை எடுத்துப் பிள்ளையும் பயிற்சியாளரும் உட்காரட்டும். எதிராளியின் தரவரிசை, ஸ்கோர், முதல் சர்வ் எத்தனை உள்ளே விழுந்தது, 30-30இல் என்ன ஆடினோம் ஆகிய நான்கு பத்திகள் போதும். முதல் சர்வ் பாதிக்கும் கீழே என்றால் அடுத்த பயிற்சி வாரம் முழுக்க அதற்கே போகட்டும். அது முடிந்ததும் அடுத்த போட்டிக்கான வியாழக்கிழமையைப் பாருங்கள், மாலை 7.30க்குள் பெயர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.